தரம் 11 முதல் பரீட்சை மண்டபம் வரை: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழு வழிகாட்டி

பிள்ளை க.பொ.த சாதாரண தரப் பரீட்சைக்குரிய தரம் 11 வகுப்பில் காலடி வைத்த வாரத்திலேயே ஒரு கொப்பியை இதற்கென்று ஒதுக்கி, அதன் முதல் பக்கத்தில் நான்கு விடயங்களை எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி முழுப் பெயர். தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பித்த திகதி. கட்டாயப் பாடங்களுக்கு மேலாகத் தெரிவு செய்து எடுக்கும் மூன்று தொகுதிப் பாடங்களின் சரியான பெயர். வகுப்பாசிரியரின் தொலைபேசி இலக்கம். இந்த நான்கில் ஏதாவது ஒன்று தெரியாமல் இருந்தால் அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த ஆண்டின் முதல் வேலை. பாடம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் கூட கடைசி மாதத்தில் கடதாசி வேலைக்காகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்து, படிக்க வேண்டிய நாட்களைத் தொலைக்கிறார்கள். இதைத் தவிர்க்கலாம்.

ஆண்டு எப்படி ஓடும்

க.பொ.த சாதாரண தரப் பரீட்சை முன்பெல்லாம் டிசம்பரில் நடக்கும். கொரோனாவுக்குப் பிறகு அது இடம் மாறியது. 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் மே மாதத்தில் நடந்தது. 2025 இல் மார்ச் 17 அன்று தொடங்கியது. எனவே அண்ணன் எழுதிய மாதத்தை வைத்துத் தம்பிக்குத் திட்டம் போட முடியாது. பரீட்சைகள் திணைக்களம் வெளியிடும் அறிவித்தலை மட்டும் நம்புங்கள். வாட்ஸ்அப்பில் வரும் நேரசூசிப் படங்களை அதிபரிடம் காட்டி உறுதிப்படுத்தும் வரை நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் திணைக்களத்தின் 1911 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பாடசாலை நிகழ்வுகளைப் பொறுத்தவரை, இல்ல விளையாட்டுப் போட்டி வழக்கமாக முதலாம் தவணையில் வரும். பின்னேரம் பயிற்சி, இல்ல அலங்காரம் என்று மூன்று நான்கு வாரம் போய்விடும். தமிழ்த் தினப் போட்டிகள் பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறும். வெல்ல வெல்லப் பயிற்சி நாட்களும் கூடும். புரட்டாசியில் வாணி விழா, மார்கழியில் ஒளி விழா, முஸ்லிம் பாடசாலைகளில் மீலாத் நிகழ்வுகள்.

தரம் 11 பிள்ளையை இவை எல்லாவற்றிலிருந்தும் ஒதுக்கிவைப்பது சரியல்ல. ஆண்டு முழுவதும் புத்தகத்தோடு மட்டும் பூட்டிவைத்த பிள்ளை கடைசி இரண்டு மாதத்தில் களைத்துப்போகும். ஒரு நிகழ்வைத் தெரிவு செய்யட்டும், அதைச் சரியாகச் செய்யட்டும். ஆனால் பயிற்சிக்குப் போன நாளில் தவறிய பாடத்தை அன்றிரவே நண்பரின் கொப்பியைப் பார்த்து எழுத வேண்டும் என்ற ஒப்பந்தத்தை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். வலய, மாகாண மட்டச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். வெள்ளத்தில் நனைந்த சான்றிதழுக்குப் பதில் வாங்குவது பெரும்பாடு.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொன்று: வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடியில் மாமாங்கத்துத் தீர்த்தம், ஊருக்கு ஊர் கோயில் திருவிழா. ஒலிபெருக்கி இரவு வரை கேட்கும். பரீட்சைக் காலத்தோடு இவை மோதினால், பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து கோயிலைப் பொறுப்பாக நடத்தும் வண்ணக்கரிடம் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். பள்ளிவாசலாக இருந்தால் நம்பிக்கையாளர் சபையிடம் பேசுங்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகு ஒலிபெருக்கியின் வாயைக் கோயில் வளவுக்குள் திருப்பி வைக்கச் சொல்லிக் கேட்டால், பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. விழா தொடங்கிய பிறகு போய்க் கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

அடையாள அட்டை

15 வயது நிரம்பிய பிள்ளை தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலை மாணவர் அதிபர் ஊடாக விண்ணப்பிப்பதே முறை. படிகள் இப்படி:

1. பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மங்கிப்போய், எழுத்துத் தெரியாமல் இருந்தால் பிறப்புப் பதியப்பட்ட பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் புதிய பிரதி எடுங்கள். இடம் மாறியதாலோ வெள்ளத்தாலோ ஆவணம் தொலைத்த குடும்பங்களில், பிறப்பு எங்கே பதியப்பட்டது என்பதே சிலருக்குத் தெரியாது. அப்படியானால் கிராம உத்தியோகத்தரிடம் முதலில் போங்கள்.
2. ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு செய்த ஸ்டூடியோவில் மட்டுமே படம் எடுங்கள். அவர்கள் படத்தைத் திணைக்களத்துக்கு நேரடியாக அனுப்பிவிட்டு ஒரு பற்றுச்சீட்டுத் தருவார்கள். அந்தப் பற்றுச்சீட்டு விண்ணப்பத்தோடு போக வேண்டும். சாதாரண ஸ்டூடியோவில் எடுத்த படத்தை ஒட்டிக் கொடுத்து, திரும்பி வந்த பிறகு மறுபடி எடுப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.
3. விண்ணப்பத்தில் பெயரைப் பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக நிரப்புங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், பாடசாலை இடாப்பில் உள்ள பெயர், சான்றிதழில் உள்ள பெயர் மூன்றும் வேறாக இருப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம்.
4. ஆங்கிலத்தில் பெயரை எப்படி எழுதுவது என்பதை ஒரே தடவையில் முடிவு செய்து, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடையாள அட்டை, பரீட்சை விண்ணப்பம், பிறகு கடவுச்சீட்டு என்று எல்லாவற்றிலும் அதே எழுத்துகள். ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் பிற்காலத்தில் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டிவரும்.

தாய் அல்லது தந்தை மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் பலர். இவர்களுக்கு ஆவணங்களில் கையெழுத்திடுவது யார், பாடசாலைக் கூட்டத்துக்கு வருவது யார் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். ஆசிரியருக்குத் தெரிந்தால் அவர் வழி காட்டுவார். தெரியாமல் இருந்தால் அந்தப் பிள்ளையின் கோப்பு மட்டும் மேசையில் கிடக்கும்.

பரீட்சை நெருங்கியும் அட்டை வராவிட்டால், ஆட்பதிவுத் திணைக்களம் வழங்கும் அடையாளத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தைப் பெற வேண்டும். செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் ஏற்றுக்கொள்ளப்படும். இந்தக் கடிதத்துக்காகப் பரீட்சைக்கு முந்திய நாள் ஓடாமல், அனுமதி அட்டை வந்த நாளிலேயே அதிபரிடம் கேளுங்கள்.

பரீட்சை விண்ணப்பம்

பாடசாலைப் பரீட்சார்த்திகளின் விண்ணப்பத்தை அதிபர் ஊடாக இணையவழியில் அனுப்புவார்கள். பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அனுப்புவதற்கு முன் அச்சிட்ட பிரதியைக் கேட்டு வாங்கி, பிள்ளையோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பது.

மொத்தம் ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மூன்று தொகுதிகளிலிருந்தும் ஒவ்வொன்று. பிழை வருகிற இடங்கள் அநேகமாக ஒவ்வொரு ஆண்டும் அவையேதான். கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் இரண்டு வெவ்வேறு பாடங்கள். மெதடிஸ்த திருச்சபைப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம் என்று பதிவாகிவிட்டால், மண்டபத்தில் படிக்காத பாடத்தின் வினாத்தாள் கையில் வரும். ‘தமிழ் மொழியும் இலக்கியமும்’ என்பது கட்டாயப் பாடம், ‘தமிழ் இலக்கிய நயம்’ என்பது தொகுதிப் பாடம். இரண்டையும் குழப்புகிறவர்கள் உண்டு. மொழிமூலமும் பார்க்க வேண்டும். ஆங்கில மூலம் படிக்கும் பிள்ளைக்கு எந்தப் பாடங்கள் ஆங்கிலத்தில், எவை தமிழில் என்பது தனித்தனியாகப் பதிவாகும்.

பிழை கண்டால், திருத்தத்துக்கென்று திணைக்களம் தரும் காலத்துக்குள் அதிபர் ஊடாகத் திருத்தலாம். அந்தக் காலம் முடிந்தபின் மண்டபத்தில் நின்று அழுவதால் பயன் இல்லை.

சங்கீதம், நடனம், நாடகம் போன்ற அழகியல் பாடங்களுக்குச் செயன்முறைப் பரீட்சை தனியாக, எழுத்துப் பரீட்சையிலிருந்து விலகிய வேறொரு நாளில் நடக்கும். எழுத்துப் பரீட்சை முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கொழும்புக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்விடும் பிள்ளைகள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கணிதம்: 70 புள்ளியின் கணக்கு

உயர்தரத்துக்குப் போக, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றில் மூன்றிலாவது ‘சி’ தரம் வேண்டும். 75 இலிருந்து ‘ஏ’, 65 இலிருந்து ‘பி’, 50 இலிருந்து ‘சி’, 35 இலிருந்து ‘எஸ்’. அதற்குக் கீழே ‘டபிள்யூ’. எட்டுப் பாடத்தில் நன்றாகச் செய்து கணிதத்தில் மட்டும் 30 எடுத்த பிள்ளையின் வழி அடைபட்டுவிடுகிறது. ஆகவே இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேசுவோம்.

வினாத்தாள் ஒன்றுக்கு 100, இரண்டுக்கு 100, மொத்தம் 200. அதில் 35 சதவீதம் என்றால் 70. முதலாம் வினாத்தாளுக்கு இரண்டு மணி நேரம். அதன் ‘அ’ பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. ‘ஆ’ பகுதியில் 5 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10. இரண்டாம் வினாத்தாள் மூன்று மணி நேரம். இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 6 இல் 5 செய்ய வேண்டும், வினாவுக்கு 10 புள்ளி.

இப்போது தலைகீழாகக் கணக்குப் பாருங்கள். சிறு வினா 25 இல் 15 சரி என்றால் 30. ‘ஆ’ பகுதியில் ஐந்து வினாவிலும் நான்கு நான்கு புள்ளி எடுத்தால் 20. ஐம்பது வந்துவிட்டது. இரண்டாம் வினாத்தாள் முழுவதிலும் இனி வேண்டியது 20 மட்டுமே. கணிதம் வராது என்று நம்பிவிட்ட பிள்ளைக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அடைய முடியாதது என்று நினைத்த எல்லை, எண்ணிப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பதை அது காணும்.

அந்த 20 எங்கிருந்து வரும்? இரண்டாம் வினாத்தாளில் வழக்கமாக வரும், முறை தெரிந்தால் செய்யக்கூடிய வினாக்கள் சில உண்டு. இருபடிச் சார்பின் வரைபு, கூட்டமாக்கிய மீடிறன் பரம்பலின் இடை, கவராயமும் நேர்விளிம்பும் கொண்டு செய்யும் அமைப்பு, விருத்திகள், தொடைகளும் நிகழ்தகவும். இவற்றில் மூன்றைத் தெரிவு செய்து, ஒவ்வொன்றிலும் கடந்த பத்து ஆண்டு வினாக்களையும் செய்து முடிக்கட்டும். எல்லா அலகையும் அரைகுறையாகத் தொடுவதை விட இது பலன் தரும்.

புள்ளி கொட்டுகிற இடங்கள்:

வரைபில் அட்டவணையின் விடுபட்ட பெறுமானத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அளவிடையை வினாவில் சொன்னபடி எடுக்காமல் விடுவார்கள். புள்ளிகளை மட்டத்தால் இணைப்பார்கள். வளையி கையால் ஒப்பமாக வரையப்பட வேண்டும். வரைபுத்தாளில் சுட்டெண்ணை எழுதாமல், விடைத்தாளோடு கட்டாமல் மேசையிலேயே விட்டுவருவதும் நடக்கிறது.

இடை காணும்போது வகுப்பாயிடையின் நடுப்பெறுமானத்தைப் பிழையாக எடுத்தால் முழு நிரலும் பிழைக்கும். எடுகொண்ட இடை முறையில் செய்வோர் கடைசியில் எடுகொண்ட இடையைக் கூட்ட மறப்பார்கள்.

அமைப்பில் கவராயக் கீறலை அழிறப்பரால் துப்புரவாக அழித்துவிடுவார்கள். கீறல் இருந்தால்தான் புள்ளி. பென்சிலைக் கூராக்கிக்கொண்டு போங்கள், கவராயத்தின் ஆணி இறுக்கமாக இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

அட்சரகணிதத்தில் அடைப்புக்குறிக்கு முன்னால் சயக் குறி இருந்தால் உள்ளே உள்ள எல்லா உறுப்பின் குறியும் மாறும். முதல் உறுப்பை மட்டும் மாற்றிவிட்டு அடுத்ததை அப்படியே இறக்குவதுதான் தரம் 9 இலிருந்து தொடரும் பழக்கம். ஒரு வாரம் இதை மட்டும் நாளொன்றுக்கு பத்துக் கணக்கு செய்தால் போகும்.

மண்டபத்தில் கணிப்பான் கிடையாது. மடக்கை அட்டவணை அங்கே தரப்படும். வீட்டில் தொலைபேசியில் பெருக்கிப் பழகிய பிள்ளை, மூன்று மாதத்துக்கு முன்பே அதை நிறுத்தி, கையால் பெருக்கவும் அட்டவணை பார்க்கவும் பழக வேண்டும்.

வீட்டுப் பயிற்சி சனிக்கிழமை காலை 8.30 இலிருந்து தொடங்கட்டும். மணிக்கூட்டை முன்னால் வைத்து, முழு வினாத்தாளையும் இடையில் எழும்பாமல் செய்ய வேண்டும். முதலாம் வினாத்தாளின் ‘அ’ பகுதியை 45 முதல் 50 நிமிடத்தில் முடிப்பது இலக்கு. பிறகு புள்ளியிடும் திட்டத்தை வைத்துத் தானே திருத்தட்டும். திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில் பரீட்சார்த்திகள் எந்த வினாவில் எப்படித் தவறுகிறார்கள் என்று விளக்கமாக இருக்கும். பாடசாலையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பாடநூல்களும் பயிற்சிகளும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

மற்றப் பாடங்கள், சுருக்கமாக

விஞ்ஞானத்தில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணி நேரம், 80 புள்ளி. இரண்டாம் வினாத்தாள் 120 புள்ளி. பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படாது, எனவே எதையும் வெறுமையாக விட வேண்டாம். பல்தேர்வில் 24 சரி என்றால் 48 புள்ளி. சித்திக்கு இரண்டாம் வினாத்தாளில் 22 போதும். விடைத்தாளில் ஒரு வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்போது புள்ளடியை ஒரு வரி மேலே போட்டுவிட்டால் அதன் பின் எல்லாமே பிழைக்கும். பத்து வினாவுக்கு ஒருமுறை இலக்கத்தைச் சரிபார்க்கப் பழக்குங்கள்.

வரலாற்றில் வரைபட வினா கட்டாயம். வாரம் ஒரு வெற்று வரைபடத்தில் இடங்களைக் குறித்துப் பழகினால் உறுதியான புள்ளி அது. ஆங்கிலத்தில் பிள்ளைகள் எழுத்து வினாக்களை வெறுமையாக விடுவதுதான் பெரிய நட்டம். பிழையோடு எழுதிய ஐந்து வசனத்துக்கும் புள்ளி உண்டு, வெறும் தாளுக்கு இல்லை. தமிழில் சுருக்கம் எழுதும்போது சொல் எண்ணிக்கையை மீற வேண்டாம். தாய்மொழிதானே என்று கடைசி வரை தொடாமல் விடும் பிள்ளைகள் இலக்கியப் பகுதியில் தடுமாறுகிறார்கள். செய்யுள்களை முதல் தவணையிலேயே வாய்விட்டுப் படித்து முடிக்கட்டும்.

பாடசாலையிலும் வெளியிலும் என்ன உதவி உண்டு

பாடநூலும் சீருடைத் துணியும் அரசால் இலவசம். தூரத்திலிருந்து வரும் பிள்ளைக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பருவச்சீட்டு உண்டு. பாடசாலை கடிதம் தரும், டிப்போவில் எடுக்கலாம். தனியார் பஸ்ஸில் இது செல்லாது என்பதால், ஊரிலிருந்து அரச பஸ் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

16 வயது வரை கல்வி கட்டாயம். வயலில் ஆள் இல்லை, தம்பியைப் பார்க்க ஆள் இல்லை என்று தரம் 11 பிள்ளையை நிறுத்தும் வீடுகள் இன்னும் உள்ளன. பாடசாலைக்கு வராத பிள்ளை பற்றி வகுப்பாசிரியர் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்குச் சொல்லலாம். அவர் வீட்டுக்கு வந்து பேசி, குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய உதவியையும் பார்ப்பார். அவரைப் பொலிஸ்காரர் போல் நினைத்துப் பயப்பட வேண்டாம்.

பெரும்பாலான பாடசாலைகளில் ஆலோசனை வழிகாட்டலுக்கென ஓர் ஆசிரியர் இருப்பார். தூக்கம் இல்லாமை, சாப்பிட மறுத்தல், எப்போதும் தலையிடி என்று சொல்லுதல், நண்பர்களை விட்டு விலகுதல் ஆகிய அறிகுறிகள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அவரிடம் பேசுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். வீட்டிலோ வகுப்பறையிலோ பிள்ளைக்கு அடியோ துன்புறுத்தலோ நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. இந்த இரண்டு இலக்கங்களையும் பிள்ளையின் கொப்பியில் பிள்ளையே எழுதி வைத்திருக்க வேண்டும்.

கண்பார்வைக் குறை, கை இயலாமை, கற்றல் இடர்பாடு உள்ள பிள்ளைகளுக்கு மேலதிக நேரம், எழுதுவதற்கு ஒருவரின் உதவி, பெரிய எழுத்து வினாத்தாள் போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு அதிபர் ஊடாக முன்கூட்டியே கேட்டால்தான் கிடைக்கும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையிலோ உரிய மருத்துவரைக் காணவே சில வாரம் பிடிக்கும் என்பதால், இதைப் பரீட்சை விண்ணப்பத்தோடு சேர்த்தே தொடங்குங்கள். கண்ணாடி தேவைப்படுகிற பிள்ளை, வெட்கத்தால் சொல்லாமல் பின்வாங்கில் இருந்து கரும்பலகையைப் பார்க்க முடியாமல் தவிப்பதும் உண்டு. ஒரு தரம் கண் பரிசோதியுங்கள்.

உதவி வகுப்புக்காகப் பாடசாலையில் பின்னேரம் நிற்கும் பிள்ளை காலைச் சாப்பாட்டோடு மட்டும் ஐந்து மணி வரை இருக்க முடியாது. பழைய மாணவர் சங்கமோ பெற்றோரோ முறை வைத்து அவித்த கடலையோ பயறோ கொடுத்தால் போதும். பசித்த பிள்ளைக்குக் கணிதம் ஏறாது.

வெள்ளமும் வழியும்

வடகீழ்ப் பருவமழை நவம்பரிலிருந்து எங்களைப் பிடிக்கும். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதி, நாவிதன்வெளிப் பக்கத்தைக் கல்முனையோடு இணைக்கும் கிட்டங்கிப் பாலத்தடி, காரைதீவு மாவடிப்பள்ளித் தாம்போதி எல்லாம் நீரில் மூழ்கும். 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் புரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். ஓடும் நீரை உழவு இயந்திரத்தில் கடக்க எந்தப் பிள்ளையையும் ஏற்ற வேண்டாம். பரீட்சையாக இருந்தாலும் வேண்டாம். அந்த வெள்ளத்தோடு நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையும் சில நாட்கள் ஒத்திவைக்கப்பட்டது. அனர்த்த வேளையில் திணைக்களம் ஏற்பாடு செய்யும், பிள்ளையின் உயிருக்கு மாற்று ஏற்பாடு கிடையாது.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் பிள்ளைகளில், மண்டபம் கிழக்கே எழுவான்கரையில் இருப்பவர்கள், குறுமண்வெளி–மண்டூர் போன்ற இடங்களில் வாவியைக் கடக்கும் இயந்திரப் பாதையை (மிதவையை) நம்பியிருந்தால், மழை அறிவித்தல் வந்தவுடன் மண்டபத்துக்கு அருகே உறவினர் வீட்டில் தங்கவைப்பது நல்லது. உறவினர் இல்லாவிட்டால் அதிபரிடம் சொல்லுங்கள். முந்திய நாளே சொன்னால் பாடசாலையில் ஓர் அறையாவது ஒழுங்கு செய்வார்கள். வெல்லாவெளி போன்ற யானை நடமாடும் பகுதிகளில் விடியற்காலை தனியே சைக்கிளில் விட வேண்டாம். நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஓர் ஓட்டோவை பரீட்சை நாட்கள் எல்லாவற்றுக்கும் பேசிவைப்பது பாதுகாப்பு.

ஆவணங்களை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வீட்டின் உயரமான இடத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

கடைசி வாரமும் பரீட்சைக் காலையும்

பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்னிருந்து ரியூசன் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் திணைக்களம் தடை செய்யும். இரவில் இரகசியமாக நடக்கும் ‘கெஸ்ஸிங்’ வகுப்புக்குக் காசு கட்ட வேண்டாம். புதிதாக ஒன்றும் படிக்காமல், தானே செய்து பிழைத்த வினாக்களைத் திரும்பப் பார்ப்பதே அந்த வாரத்துக்குப் போதும்.

அனுமதி அட்டையில் அதிபரின் அத்தாட்சி இருக்கிறதா என்று பாருங்கள். பேனா இரண்டு, பென்சில், மட்டம், கவராயப் பெட்டி, ஒளிபுகும் பையில். தண்ணீர்ப் போத்தலும் ஒளிபுகுவதாக இருக்கட்டும். தொலைபேசியும் ஸ்மார்ட் மணிக்கூடும் மண்டப வாசலுக்கே கொண்டுபோக வேண்டாம். பையில் மறந்து கிடந்தாலும் அது குற்றமாகக் கணிக்கப்படலாம், பரீட்சைத் தடை பல ஆண்டுகளுக்கு நீளலாம்.

பரீட்சை காலை 8.30 க்குத் தொடங்கும். எட்டு மணிக்கு மண்டப வளவுக்குள் நில்லுங்கள். முதல் நாளில் சுட்டெண் உள்ள மேசையைத் தேட நேரம் வேண்டும். காலையில் எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம். பிட்டும் வாழைப்பழமும், அல்லது கஞ்சி போதும். நோன்பு காலத்தில் பரீட்சை வந்தால், 2025 மார்ச்சில் வந்ததுபோல், ஸஹருக்குப் பிறகு படிக்க உட்காராமல் ஒரு மணி நேரமாவது பிள்ளை கண்ணயரட்டும். இரவுத் தொழுகைக்குப் பின் நெடுநேரம் விழித்திருப்பதைப் பெற்றோர் குறைக்க வேண்டும்.

ஒவ்வொரு தாளிலும் சுட்டெண். வினா இலக்கத்தை ஓரத்தில் தெளிவாக. விடைத்தாளை வரிசைப்படி கட்டுதல். கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கு வையுங்கள். பரீட்சைக்கு இடையில் நோய் வந்தாலோ விபத்து நடந்தாலோ, பிள்ளை வைத்தியசாலையில் இருந்தாலும், மண்டப மேற்பார்வையாளருக்கும் அதிபருக்கும் உடனே அறிவியுங்கள். பேசாமல் வீட்டில் இருந்தால் அது ‘வரவில்லை’ என்றே பதிவாகும்.

எழுதி முடித்த வினாத்தாளை வீட்டில் வைத்துப் புள்ளி எண்ண வேண்டாம். மறுநாள் வேறு பாடம் இருக்கிறது.

பெறுபேறு வந்த பிறகு

எதிர்பார்த்ததை விடக் குறைவாக வந்தால் மீளாய்வுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். அதற்கான காலம் குறுகியது, பெறுபேற்றோடு வரும் அறிவித்தலில் இருக்கும். உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்பதைப் பிள்ளையின் விருப்பம், பாடத்தின் பெறுபேறு, அருகிலுள்ள பாடசாலையில் அந்தப் பிரிவுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்ற மூன்றையும் பார்த்து முடிவு செய்யுங்கள். தொழினுட்பப் பிரிவு 2013 முதல் நடக்கிறது. விஞ்ஞானம் கிடைக்காதவர்கள் அதைக் கடைசித் தெரிவாக ஒதுக்குவது பிழையான பழக்கம்.

சித்தி குறைந்த பிள்ளைக்கும் பாடசாலைக் கதவு மூடப்படுவதில்லை. 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பாடப் பிரிவில், சாதாரண தரப் பெறுபேறு எப்படி இருந்தாலும் சேரலாம். எந்தப் பாடசாலைகளில் அந்தப் பிரிவு உண்டு என்பதை உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். பாடசாலைக்கு வெளியே மட்டக்களப்பு, சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரிகள், தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையங்கள் உள்ளன. அங்கே பெறும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வெளிநாட்டு வேலைக்கும் செல்லும். கணிதத்தை மட்டும் மறுபடி எழுத நினைப்பவர், பெறுபேறு வந்த வாரத்திலேயே அடுத்த பரீட்சைக்கான தனிப்பட்ட பரீட்சார்த்தி விண்ணப்பத் திகதியைப் பார்த்துக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். பாடசாலை அனுப்பாது, தானே அனுப்ப வேண்டும், கட்டணமும் உண்டு.